வயலினில் வராத பெயர்

"இதுக்கு வாய் இல்லையே," என்று வயலினைக் கீழே வைத்தாள் குஞ்சிதம்.

சொன்னது வெறும் காற்றாகத்தான் வந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். முப்பது வருஷம் மேடையில் பாடிய குரல் இனி திரும்பாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

இப்போது அவளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவன் மாசிலாமணி. அத்தனை வருஷமும் அவளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவன், பத்து வயது சிறியவன். அவனிடமே சிஷ்யையாகப் போய் உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. உட்கார்ந்தாள். வேறு வழியில்லை.

"வாய் எதுக்குக்கா?"

"வார்த்தை சொல்ல."

மாசிலாமணி தன் வயலினை எடுத்து, அவள் வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டின் முதல் வரியை வாசித்தான்.

"என்ன கேட்டுது?"

"'தாயே, திரும்பிப் பாரம்மா'ன்னு கேட்டுது."

"நான் வார்த்தை ஒண்ணும் சொல்லலையே."

"பாட்டு எனக்குத் தெரியும், கேட்டுது. தெரியாதவங்களுக்கு?"

"வெறும் ராகம்தான்," என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"என் பாட்டு ஒருத்தருக்கும் தெரியாது, மாசிலாமணி."

அவள் மகள் பூங்கோதை இறந்து இரண்டு வருஷம். சாகும்போது வயது பத்தொன்பது. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள் குஞ்சிதம். ஒரு தடவையாவது வாய்விட்டுப் பாடிவிட வேண்டும் என்று இருந்தாள். தொடங்கினாலே அழுகை முட்டியது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் தொண்டை போயிற்று.

"அவ பேரை இந்த மரக்கட்டை சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்புறம் எதுக்கு நான் இதைக் கத்துக்கணும்?"

அவன் கீழே கிடந்த அவளுடைய வயலினை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"அந்தப் பாட்டை வாசிங்க."

"வரிகளை எழுதிக் காட்டிடறேன்."

"வேண்டாம். வாசிங்க."

வாசித்தாள். வில் நடுங்கியது, சுருதி சேரவில்லை. நாலு மாதப் படிப்பு எவ்வளவு தூரம் வரும்? மகளின் பேர் வரும் முதல் வரி முடிந்ததும், கூப்பிட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்ப்பவள் போல வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கச்சேரியில் பாடுகிறவர் ஒரு வரி பாடி நிறுத்தினால், அந்த இடத்தைப் பக்கவாத்தியக்காரர் வாசித்து நிரப்புவார். முப்பது வருஷத்தில் மாசிலாமணி ஓர் இடத்தைக்கூட வெறுமனே விட்டதில்லை. இப்போது அவன் வயலின் மடியிலேயே கிடந்தது.

மறுபடி அதே வரியை வாசித்து நிறுத்தினாள். அறையில் சத்தமே இல்லை.

மூன்றாவது தடவையும் நிறுத்தினாள்.

"நீ ஏன் வாசிக்கலை? நான்தான் நிறுத்தினேனே," என்றாள்.

மாசிலாமணி தலையைத் தூக்கவில்லை.

"அது எனக்கு விட்ட இடம் இல்லையேக்கா."