பட்டக்காரரின் காளைக்கு மூடிய படல்

கேளுங்கள். இரண்டு மலைகள் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நெடுநேரம் தூங்கிய காலம் அது. நடுவே இருந்த நாட்டை ஒரு பட்டக்காரர் ஆண்டார்.

அவர் மூன்று குடும்பங்களுக்கு மூன்று மேய்ச்சல் காடுகளைக் கொடுத்தார். "மூன்று ஆண்டு கழித்து என் காளை வரும். எந்தக் காட்டில் அதன் வயிறு நிறைகிறதோ, அந்தக் காடு அதை மேய்க்கும் குடும்பத்துக்கே சொந்தம். நிறையாவிட்டால் வெளியேற வேண்டும்" என்றார்.

இரண்டு குடும்பங்கள் மந்தையைப் பெருக்கின. மூன்றாவது காட்டுப் பாவாத்தாள் ஒரே பசுவோடு நின்றாள். புல் கதிர்விடும்போது வாசலை முள் படலால் மூடிவிடுவாள். விதை உதிரும்வரை திறக்கமாட்டாள். அதுவரை தொலைவில் போய் வேலங்காய் பொறுக்கிவந்து பசுவுக்குப் போடுவாள்.

மூன்றாம் ஆண்டு மழை இல்லை. முதல் காட்டில் கல் தெரிந்தது. இரண்டாம் காட்டில் கல்லும் தேய்ந்தது. பாவாத்தாள் காட்டில் மட்டும் முழங்கால் உயரப் புல், காற்றில் யாரையோ தாலாட்டுவதுபோல் ஆடியது.

"படலைத் திற புள்ளே, பசு எலும்பாயிடுச்சு" என்றான் கணவன் நல்லணன்.

"இன்னும் விதை உதிரலீங்க மாமா."

பக்கத்துக் காட்டு மாரப்பன் சிரித்தான். "புல்லுக்குக் காவல், மாட்டுக்குப் பட்டினி! நல்ல குடித்தனம், ஆத்தா!"

ஒரு காலை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து காளை வந்தது. பின்னால் பட்டக்காரர். காளை முதல் காட்டை முகர்ந்து நகர்ந்தது. இரண்டாம் காட்டை முகர்ந்து நகர்ந்தது. மூன்றாவது படலில் கொம்பை வைத்து நின்றது.

"திற" என்றார் பட்டக்காரர்.

திறந்தால் காடு சொந்தம். பாவாத்தாளுக்கு அது தெரியும். கை படலுக்குப் போனது. உள்ளே பனியில் நனைந்த கதிர்கள், இன்னும் பச்சை மாறாமல், தலைகுனிந்து நின்றன. கை திரும்பிவிட்டது.

"வேண்டாமுங்க சாமி. புல்லு சூலோட நிக்குது. பத்து நாள் பொறுங்க."

"காடு போய்விடும், தெரியுமா?"

அவள் படலுக்கு முன்னால் வந்து நின்றாள். "போனாலும் புல்லோட போகட்டுமுங்க. அடுத்து வர்றவங்க மாடாவது திங்கும்."

பசுவுக்கு வைத்திருந்த வேலங்காயைக் காளைமுன் கொட்டினாள். அது காளையின் கடைவாய்க்கும் போதவில்லை.

பட்டக்காரர் அவளையே பார்த்தார். பிறகு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் நாள் மண்ணெல்லாம் விதை. பாவாத்தாள் தானே படலைத் திறந்தாள். காளையும் பசுவும் வயிறு புடைக்க மேய்ந்தன.

"மூன்று காடும் உனக்கே" என்றார் பட்டக்காரர்.

"எனக்கு ஒண்ணு போதுமுங்க. அவங்களை வெளியேத்தாதீங்க. ஆளுக்கு ஒரு கூடை விதை அள்ளிட்டுப் போகட்டும்."

முதலில் கூடையோடு வந்தவன் மாரப்பன். வந்தவன் தலையைச் சொறிந்தான். "ஆத்தா, படலை எப்ப மூடணும்னும் சொல்லிடு."

பசித்த நாளிலும் விதை விழக் காத்திருப்பவர் கையில்தான் நிலம் உயிரோடு இருக்கும்.