தலைவர் மேடை கட்டின மைதானம்

ஒரு பட்டணத்துல ஒரு கால்பந்து கிளப் இருந்துச்சாம். அதுக்குச் சொந்தமா ஒரு மைதானம். ஜனங்க கோட்டோரமா நின்னே ஆட்டம் பாப்பாங்க. ம் கொட்டு. சரி.

அந்தக் கிளப்புக்குத் தலைவரா வந்தாரு கனகசபாபதி. அவருக்கு ஒரே ஆசை. கிளப் இறுதி ஆட்டத்துக்கு வரணும், அது இங்கயே நடக்கணும், நடு நாற்காலில உக்காந்து அவர் அதப் பாக்கணும். நியாயமான ஆசைதான். ஆனா அவ்வளவு பெரிய மனுஷன் வெயில்ல உக்காரலாமா? அப்போ தடதடன்னு ஒரு மாடி மேடை எழும்புச்சு. அதோட தூணெல்லாம் மைதானத்துக்குள்ள வந்துருச்சு.

கேப்டன் பெர்னார்டு ஓடி வந்தான். "தலைவரே, கார்னர் அடிக்க இடமில்ல."

"மூலைக் கம்பத்த உள்ள தள்ளி நடு தம்பி. பந்துக்குத் தெரியவா போகுது?"

அப்புறம், மேடைக்கு வர்ற பெரியவங்க கார் எங்க நிக்கும்? புல்லு மேல சரசரன்னு சிமெண்ட் போட்டாங்க.

"தலைவரே, ஓட இடமில்ல."

"நின்னு ஆடுங்களேன். மூச்சு வாங்காது."

எவ்வளவு கருணை பாரு.

அப்புறம் மூணாவதா ஒரு நீரூற்று. புஸ்ஸு புஸ்ஸுன்னு கலர் தண்ணி. இந்தத் தடவ பெர்னார்டு தண்ணிக்குள்ள விழுந்த பந்த எடுத்துக்கிட்டு, பசங்களோட வெளிய ஆடப் போயிட்டான்.

ம்... முழிச்சிருக்கியா? அப்போதான் கிளப் இறுதி ஆட்டத்துக்கு வந்துச்சு. ஆட்டமும் இங்கயேதான்னு முடிவாச்சு. தலைவர் ஜரிகை வேட்டி கட்டிட்டாரு. நடுவர் வந்து நாடாவ இழுத்து அளந்து பாத்தாரு.

"எல்லாம் பிரமாதம் சார். ஆடத்தான் முடியாது."

ஆட்டத்த மதிலுக்குப் பின்னாடி, லாரி நிக்கிற பொட்டலுக்கு மாத்திட்டாங்க.

"அங்க எனக்கு நாற்காலி?"

"இல்ல தலைவரே. கூட்டத்தோட நிக்கலாம், வாங்க"ன்னான் பெர்னார்டு. மனசாரத்தான் கூப்பிட்டான்.

நிக்கிறதா? கௌரவம் என்னாகுறது? அவர் தன் மேடைலயே தனியா உக்காந்தாரு. முன்னாடி நீரூற்று புஸ்ஸு புஸ்ஸு. முதுகுக்குப் பின்னாடி ஓஓஓன்னு சத்தம்.

"யாருப்பா கோல் போட்டது?"

சொல்ல ஆளில்ல.

அந்த மேடைல பின்பக்கம் ஒரே ஒரு ஜன்னல்தான். அது பெரியவங்க கக்கூஸ்ல இருந்துச்சு. மெதுவா அங்க போனாரு. வாளியக் கவுத்துப் போட்டாரு. வேட்டியத் தூக்கிப் புடிச்சு ஏறி, எம்பி எம்பிப் பாத்தாரு. பெர்னார்டு பந்தோட பறந்து வர்றான், அடிக்கிறான், கோல்! அங்க எல்லாரும் கை தட்டினாங்க. இவரும் தட்டினாரு. வாளி உருண்டுச்சு. டமால்.

கோப்பைய யாரு வாங்கினாங்கன்னு அவர் பாக்கவே இல்ல.

நாளைக்கு நீயும் பெரிய ஆளா வா கண்ணு, வேணாங்கல. ஆனா ஆடுறவன் காலடில உன் நாற்காலியப் போடாதே. கூட்டத்தோட நிக்க யாராவது கூப்பிட்டா, உடனே போ.

பந்து படுத்தாச்சு, மைதானமும் இருட்டாச்சு. கதையும் அவ்வளவுதான், கண்ண மூடிக்கோ.