இரண்டு ஆள் ரிவெட்

நாச்சிமுத்துவுக்குக் குரு வாய்த்தது ஐம்பத்தாறாம் வயதில். குருவுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று.

பெயர் செசிலி. விமானப் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் இறக்கைத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சூலூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். வந்ததும், அவர் வீட்டுக்குள் கட்டிக்கொண்டிருந்த விமானத்தின் தகட்டை விரலால் தடவிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் காபி கேட்பாள். இல்லாவிட்டால் டிரில் கேட்பாள்.

அந்த விமானம் உதிரி பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. இருவர் உட்காரும் சின்ன விமானம். வால் முடிந்து, உடல் முடிந்து, வலது இறக்கையும் முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் இப்போது இடது இறக்கை கிடந்தது. நாச்சிமுத்துவும் மனைவி மயிலாத்தாளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

"ஏனுங்க, கோழி இன்னும் அடையிலதானுங்களா?" என்று பால்காரர் தினமும் கேட்பார்.

"குஞ்சு பொரிச்சா மொதல்ல உங்க தலை மேலதான் பறக்கும்" என்பாள் மயிலாத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செசிலி இறக்கையைத் தடவினாள். பாதியில் விரல் நின்றது. திரும்ப வந்து தடவினாள்.

"இந்த வரிசையை எப்ப அடிச்சீங்கண்ணா?"

"வியாழன், வெள்ளி. ரெண்டு நாள்ல நாப்பத்திநாலு."

"அக்கா எங்கே இருந்தாங்க?"

"கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து படுத்திருந்தா."

அந்த இறக்கைக்கு இரண்டு ஆள் ரிவெட்தான் அடிக்க வேண்டும். வெளியே நின்று ஒருவர் அடிப்பார். தகட்டுக்கு உள்ளே கையை விட்டு இன்னொருவர் டாலி என்ற இரும்புக் கட்டையை ரிவெட்டின் வால்மீது அழுத்திப் பிடித்திருப்பார். எட்டு வருடமாக உள்ளே போனது மயிலாத்தாளின் கை. சின்னக் கை. நாச்சிமுத்து இப்போது அடித்திருந்தது பாப் ரிவெட். அதற்கு உள்ளே ஆள் வேண்டாம். வெளியே நின்றபடி ஒருவரே இழுத்து முடித்துவிடலாம்.

"டிரில் கொடுங்கண்ணா" என்றாள் செசிலி.

"குருவே, இதுவும் பிடிக்கும்."

"கதவுக்குப் பிடிக்கும்."

"நாப்பத்திநாலையும் எடுத்து, ஓட்டையைப் பெருசாக்கி, மறுபடி அடிக்கிறதுன்னா ஒரு மாசம் ஆயிரும்."

"ஆகட்டும்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாசம் இல்லீங்க என்கிட்ட. அவ கண்ணு நரம்பு காஞ்சுட்டு வருதாம். பார்வை இன்னும் ஆறு மாசமோ, ஏழு மாசமோதானாம். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அதுக்குள்ள அவளை மேல கூட்டிட்டுப் போய் நொய்யல் ஆத்தைக் காட்டணும். ஊரைக் காட்டணும். அவகிட்ட இன்னும் சொல்லலை."

"அக்கா!" என்று கூப்பிட்டாள் செசிலி.

அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் மயிலாத்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்துவிட்டாள்.

"அக்கா, டாலி பிடிக்கணும்."

மயிலாத்தாள் இறக்கையின் அந்தப் பக்கம் பலகைமேல் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். நாச்சிமுத்து ஒரு பாப் ரிவெட்டைக் குடைந்து எடுத்து, ஓட்டையை அடுத்த அளவுக்குப் பெருக்கி, புது ரிவெட்டை வைத்து அடித்தார். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. சரி என்று அர்த்தம். அடுத்ததற்கு இரண்டு தட்டு. இன்னும் கொஞ்சம் அடி என்று அர்த்தம். அடித்தார்.

செசிலி அவர் தோளைத் தொட்டு அழைத்துப்போய் இறக்கையின் அந்தப் பக்கம் நிறுத்தினாள்.

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கம் வருதா மயிலு? கண்ணு வலிக்குதா?"

"வேலை செய்யறேனுங்க. எப்பவும் மூடிட்டுத்தான் பிடிப்பேன். உள்ளே பாக்கறதுக்கு என்ன இருக்குது, கும்மிருட்டு. விரல் சொல்லுது."

"எட்டு வருஷமாவா?"

"நீங்க அந்தப் பக்கமே நின்னீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவள் கையை வெளியே எடுத்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசாதீங்க. என் கண்ணுல லைட்டை அடிச்சுப் பாத்துட்டு அந்த டாக்டர் உங்களை வெளியே கூப்பிட்டாரே, அப்பவே தெரியும். சந்தோஷ சமாச்சாரத்தையா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க?"

நாச்சிமுத்து பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவியின் கையைப் பார்த்தார். விரல் கணுக்களில் அலுமினியக் கீறல்கள், பழையதும் புதியதுமாக.

"மிச்சம் எல்லாத்தையும் ரெண்டு ஆளாவே அடிச்சா அடுத்த வருஷம் முடியுமோ, அதுக்கடுத்த வருஷமோ" என்றார். "கண்ணு போன பின்னாடி மேல கூட்டிட்டுப் போனா இவ என்னத்தைக் காணுவா, குருவே?"

செசிலி ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"பக்கத்துல உட்கார்ந்து நீங்க சொல்ல மாட்டீங்களா? இப்பச் சொல்லுங்க. அக்கா, கண்ணை மூடிக்குங்க."

நாச்சிமுத்து எழுந்து வெளியே பார்த்தார்.

"முருங்கை மரம்."

"அப்புறம்?"

"காம்பவுண்டுச் சுவர். ரோடு."

"அப்புறம்?"

வெகுநேரம் பார்த்தார். "மேகம் இருக்குது. ரெண்டு."

மயிலாத்தாள் கண்ணைத் திறக்காமலே சிரித்துவிட்டாள். "முருங்கை பூத்து நாலு நாளாச்சுங்க. கீழே வெள்ளையாக் கொட்டிக் கிடக்குது. அதைச் சொல்லலையே நீங்க?"

அவர் எட்டிக் கீழே பார்த்தார். வெள்ளையாகத்தான் கிடந்தது.

"எவ்வளவு நாளாகும் குருவே?" என்று கேட்டார்.

செசிலி டிரில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"விமானத்துக்கு ரெண்டு வருஷம் போதுங்கண்ணா. பாத்துச் சொல்லப் பழகறதுக்கு எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியலை."