காகம் தொடாத சோறு

செத்த சிப்பாய்களை உயிரோடு இருப்பதாகக் காட்டியே படையமைச்சர் படைக்கான அரிசியை வாங்கித் தன் வீட்டுக் களஞ்சியத்தில் கொட்டினார். திடீரென்று ராஜா படையைப் பார்க்க வந்துவிட்டார்.

படைச் சமையல்காரன் கொப்பையனை அமைச்சர் மிரட்டினார். "நாளைக்குப் பந்தியில கணக்குல இருக்கிற ஆயிரம் பேரும் இருக்கணும். இல்லே, உன் தலை இருக்காது."

"வரவழைச்சிடலாம் எஜமான்."

மறுநாள் ஆயிரம் இலையிலும் சோறு விழுந்தது. பாதி இலைக்குத்தான் ஆள் உட்கார்ந்தது.

"மத்தவங்க எங்கே?" என்றார் ராஜா.

கொப்பையன் வானத்தைப் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். வெயில் மங்கியது. ஆளில்லாத இலைக்கு ஒன்றாகக் காகங்கள் இறங்கின. ஒன்றுகூடக் கரையவில்லை, சோற்றைத் தொடவுமில்லை.

"ஏன் சாப்பிடலை?"

"மனக்குறை மகாராஜா. அவங்க பேர்ல வந்த அரிசியை வேற யாரோ தின்னுட்டாங்க."

"யாரு?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவங்களே காட்டுறாங்களே."

அத்தனை காகங்களும் அமைச்சரையே பார்த்துக்கொண்டிருந்தன.