அடம்பங்கொடி மரமேறாத கதை

செடிகொடியெல்லாம் மனுசரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கொடி பேசுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் அவரவர் வேலையைப் பார்க்கலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அப்போது அடம்பங்கொடி இன்றைக்குப் போல மணலில் படுத்துக் கிடக்கவில்லை. கடற்கரையில் உயரமாக ஒரு மணல்மேடு. மேட்டின் உச்சியில் ஒரு புன்னை மரம். அடம்பு தன் வேரால் மேட்டு மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புன்னையைச் சுற்றிச் சுற்றி உச்சிக்கிளை வரை ஏறியிருந்தது. அதன் இலை பிளவில்லாமல் முழு வட்டமாக இருக்கும். பூக்கிற வழக்கமே அதற்குக் கிடையாது.

மேட்டுக்குப் பின்னால் மீன்பிடிக்கிறவர்களின் குப்பம். ஆண்கள் விடியுமுன் கட்டுமரத்தில் போய் உச்சிப்பொழுதுக்குள் திரும்புவார்கள். தூரத்தில் வரும் கட்டுமரத்தின் பாய் முதலில் கண்ணில் படுவது அடம்புக்குத்தான். "பாய் தெரியுதா?" என்று பெண்கள் கீழேயிருந்து கேட்பார்கள். "தெரியுது, தெரியுது! போய் உலையை வைங்கடி!" என்று அது கத்தும்.

அந்தக் குப்பத்தில் காத்தாயி என்று ஒருத்தி. புன்னைக்கு நேர் கீழே, மேட்டின் அடிவாரத்தில் அவள் குடிசை. புருசன் பெயர் தாண்டவன். தினமும் மேட்டில் ஏறி நின்று, அவன் பாயைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அப்படி ஒரு பிரியம். ஐப்பசியில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அங்கேதான் வந்தது வினை. பிள்ளை பெற்றவள் தீட்டு கழியும்வரை மேட்டில் ஏறக் கூடாது, கரையில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. யார் போட்ட கட்டோ, அந்த மகராசனுக்குக் கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருந்து பழக்கமில்லை!

காத்தாயி வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள்.

"அடம்பக்கா, அவர் பாய் தெரியுதா?"

"தெரியுதடி. பாத்துட்டுத்தானே சொல்றேன்."

"நீ பாத்தா எனக்கு ஆச்சா? நான் பாக்கணுமே. இந்த மேட்டைக் கொஞ்சமா விலக்கிவிடேன். உக்காந்த இடத்துலேருந்தே பாத்துக்கிறேன். கண்ணுக்கு ஏதுக்கா தீட்டு?"

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இந்த மேட்டுக்குப் பின்னாலதான் நீங்க அத்தனை பேரும் குடியிருக்கீங்க. கடல் உள்ள வந்துட்டா?"

"வந்தா என்ன? கடல் நமக்கு அம்மா இல்லையா? தினமும் சோறு போடுறவ. அம்மா வீட்டுக்கும் மக வீட்டுக்கும் நடுவுல மதில் எதுக்கு?"

அடம்பு முடியவே முடியாது என்றது. ஆனால் காத்தாயி வாசலை விட்டு நகரவில்லை. சோறு ஆறிப் போனது. பால் வற்றி, பிள்ளை வீல் வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க அடம்புக்கு வேர் வரைக்கும் வலித்தது. ஓர் ஆள் நுழைகிற அளவுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புன்னைக்குப் பக்கத்தில், அவள் வாசலுக்கு நேராக மட்டும் பிடியை விட்டது. மணல் பொலபொலவென்று சரிந்து வழிவிட்டது.

காத்தாயிக்கு வாசலிலிருந்தே கடல் தெரிந்தது. கடலுக்கும் அவள் வாசல் தெரிந்தது. அதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் தாண்டவன் கடலிலிருந்தபடியே பெண்டாட்டியையும் பிள்ளையையும் பார்த்துவிட்டான். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையேறியதும், "மேட்டைச் சுத்தி மரம் இழுத்துத் தோளு தேஞ்சது போதும். இனிமே இப்படியே உள்ள இழுத்துடலாம்" என்றான். மறுநாளிலிருந்து குப்பமே அந்த வழியாகக் கட்டுமரம் இழுத்தது. சந்தாக இருந்தது தெருவாகிப் போனது. "போதும்டா, போதும்டா" என்று அடம்பு கத்திப் பார்த்தது. சுகம் கண்ட தோள் கேட்குமா?

கார்த்திகையில் ஒருநாள், கட்டுமரங்கள் போன பிறகு, கீழ்வானம் செம்பு நிறத்தில் மாறியது. காற்று ஒரு மாதிரி ஊளையிட்டது. "புயல்டி! பிள்ளைங்களைத் தூக்கிட்டு மேற்க ஓடுங்க!" என்று அடம்பு தொண்டை கிழியக் கத்தியது. குப்பம் ஓடியது. காத்தாயி மட்டும் போகவில்லை.

"அவர் திரும்பி வர்றப்போ ஆளில்லாத வாசலையா பாக்கணும்?" என்றாள்.

குடிசையின் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். தீட்டாவது ஒன்றாவது! அடம்பு தாயையும் பிள்ளையையும் புன்னையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. தென்னைகள் தலை முறிந்து பறந்தன. கிளை ஒடிந்து, இலை கிழிந்து, ஆனாலும் அது பிடியை விடவில்லை.

பிறகு, சட்டென்று எல்லாம் நின்றது. இளம் வெயில்கூட எட்டிப் பார்த்தது.

"இது ஓயலைடி, மூச்சு வாங்குது. திரும்ப அந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும். இப்படியே இரு" என்றது அடம்பு.

காத்தாயி கேட்டாள்: "அக்கா, பாய் தெரியுதா?"

அடம்பு கடலைப் பார்த்தது. கண்ணுக்கு எட்டிய வரை நுரைதான். பொய் சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

"தெரியலடி."

காத்தாயி பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து, கொடியின் சுற்றுக்குள் பத்திரமாக வைத்தாள். "இவனைப் பிடிச்சுக்க. கரையில எங்கயாச்சும் ஒதுங்கிக் கிடப்பாரு. ஓடிப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். பிள்ளையைப் பிடித்திருந்த கொடி அவளை எப்படிப் பிடிக்கும்? அவள் அந்த வழியாகத்தான் இறங்கி ஓடினாள். காற்று திரும்பியது. கடலும் அந்த வழியாகத்தான் வந்தது.

தண்ணீர் வடிந்தபோது அடிவாரத்தில் குடிசை இருந்த தடமே இல்லை. கிணறெல்லாம் உப்புக் கரித்தது. தூரத்து வயல்களில்கூட கடல்மண் படிந்து பயிர் கருகிக் கிடந்தது. காத்தாயியைக் காணோம்.

மறுநாள் தெற்கேயிருந்து ஒருவன் கரையோரமாகத் தள்ளாடி நடந்து வந்தான். தாண்டவன்! கட்டுமரம் சிதறி, ஒற்றைக் கட்டையைக் கட்டிப்பிடித்து எங்கோ கரை ஒதுங்கியிருக்கிறான். கடலுக்குப் போனவன் வந்துவிட்டான். கரையில் இருந்தவள் போய்விட்டாள்.

"என்னைய வெட்டிப் போட்டுடு தம்பி. மேட்டை விட்டது நான்தான்" என்றது அடம்பு.

"அந்த வழியா மரத்தை இழுத்தது நான்தானே" என்றான் அவன். கொடிக்குள் தூங்கிய பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டான். "கடைசியா அவ என்ன கேட்டா?" என்றான். 

"பாய் தெரியுதான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்."

தாண்டவன் அழுதான். "தெரியுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? புன்னையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பாளே. நான் உசுரோடதானே இருந்தேன். அது பொய்யும் இல்லையே!"

அதைக் கேட்டதும் அடம்பின் முழு இலைகள் ஒவ்வொன்றும் நடுவில் பிளந்தன. நெஞ்சு வெடித்தால் கொடிக்கு இலைதானே வெடிக்கும்? அது புன்னையை விட்டு இறங்கியது. மேற்கே ஓடியிருந்த குப்பத்துக்காரர்கள் திரும்பி வந்து, கூடை கூடையாக மணல் கொட்டி வழியை அடைத்தார்கள். அடம்பு அந்த மணல் மேல் படுத்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரு பிடி மணலைக்கூட நழுவவிடாமல் இறுக்கியது. அதோடு நிற்கவில்லை. காத்தாயி ஓடிய திசையில், கடலைப் பார்த்து ஊர்ந்து போனது. 

மறுநாள் விடிந்ததும் அதில் முதல்முதலாக ஒரு பூ மலர்ந்தது, செவ்வூதா நிறத்தில், வாயை அகலத் திறந்தபடி.

அந்த நாளிலிருந்துதான் அடம்பங்கொடி எந்த மரத்திலும் ஏறுவதில்லை. ஒவ்வொரு புயலும் அதை அறுத்துப் போடுகிறது. வெறும் மணலில் முதலில் துளிர்த்து, மறுபடி கடலை நோக்கியே போகிறது. காலையில் திறக்கும் பூ, கட்டுமரமெல்லாம் கரை சேர்ந்ததும் வாடிவிடுகிறது. மறுநாள் இன்னொரு பூ திறக்கிறது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை அது இன்னும் கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது: தெரியுது காத்தாயி, பாய் தெரியுது, வீட்டுக்கு வா.