சீட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு மழை

கரட்டுப்பாளையத்து அண்ணன் தம்பி மூவரையும் முட்டாள்கள் என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முட்டாள் என்பவன் சொன்னதைத் தப்பாகச் செய்கிறவன். இவர்கள் சரியாகச் செய்தார்கள். சொன்னதை மட்டும், சொன்னபடியே, கடைசி எழுத்து வரைக்கும் செய்தார்கள். இதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. அமைகிற வரைக்கும் ஊர் சொல்கிற சொல்லே இருந்துவிட்டுப் போகட்டும்.

மூத்தவர் சென்னியப்பன். அடுத்தவர் கொழந்தவேல். இளையவன் அத்தப்பன். மூவருக்கும் பிறகு பிறந்த ஒரே தங்கை மரகதம். அந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அறிவு முழுவதும் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. டிராக்டர் ஓட்டுவதும் அவள்தான். முன்பு அத்தப்பன் ஓட்டிக்கொண்டிருந்தான். "நேராப் போ" என்று ஒருநாள் யாரோ சொன்னார்கள். வழியில் கிணறு இருந்தது. அத்தப்பனைக் கயிறு போட்டு எடுத்தார்கள்; டிராக்டரை எடுக்கத்தான் நாளாயிற்று.

மரகதத்துக்கு ஒரே ஆசைதான்: கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். முதலில் வந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "எங்களையும் உங்க வீட்டு ஆளாவே நெனச்சுக்குங்க" என்றார். சென்னியப்பன் உடனே அவர் கையில் அரிவாளைக் கொடுத்து, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துவரச் சொன்னார். அவர் போனார், தட்டோடு திரும்பவில்லை.

இரண்டாவதாக வந்தவன் தெய்வசிகாமணி. நூல் மில்லில் சூப்பர்வைசர். அவனுக்கு மரகதத்தைப் பிடித்தது. அவளுக்கும் அவனைப் பிடித்தது. பிறகு அவன் கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தான்.

அது மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரையின் கார். பன்னிரண்டு சிலிண்டர், தோல் சீட், தேக்கு மரத்தைவிட நன்றாக இழைத்த ஏதோ மரத்தில் டேஷ்போர்டு. துரை சீமைக்குத் திரும்பும்போது தன் டிரைவரிடமே அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டிரைவர்தான் இவர்களுடைய அப்பா. மரகதம் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது ஓடுவதை நிறுத்தியது. அப்பாவும் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டு வந்தன.

"சின்னப் பையனா இருந்தப்போ இந்தக் காருக்குப் பின்னால ஓடியிருக்கேன்," என்றான் தெய்வசிகாமணி. "எனக்கு நகை வேண்டாம், சீர் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்ல நடக்கணும். அது நடந்தாத்தான் கல்யாணம்." பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். அந்த வீட்டில் எதையும் பாதியாக எடுத்துக்கொள்ளும் வழக்கமில்லை என்பது மரகதத்துக்குத் தெரியும்.

கோயமுத்தூரிலிருந்து வரதராசு என்கிற மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் கோழிகளை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் தங்கமாட்டம் இருக்குது. எலி ஒயரைக் கடிச்சிருக்கு, பேட்டரி போயிருச்சு. ஒயர் இன்னிக்கே மாத்திர்றேன். பேட்டரியை அழைப்பு அன்னிக்குக் கொண்டாந்து மாட்டறேன். மத்தபடி எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு மாட்டினாப் போதும். வெயில் மழை படாம வீட்டுக்குள்ள வெச்சுப் பண்ணுங்க. எந்த வரிசையில கழட்டறீங்களோ, அதே வரிசையில பின்னாலிருந்து மாட்டிட்டு வரணும். நடுவுல எது நடந்தாலும் ஒண்ணுகூட விட்றாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்குள் என்றதால் முன்சுவரை இடித்துக் காரைக் கூடத்தில் நிறுத்தினார்கள். அத்தப்பன் கழற்றினான், சென்னியப்பன் மேற்பார்வை பார்த்தார், கொழந்தவேல் ஒவ்வொரு சாமான் மேலும் சாக்பீஸால் எண் போட்டார். முதலில் ஹெட்லைட். அதை அத்தப்பன் காலில் போட்டுக்கொண்டான். அவன் காலைவிட ஹெட்லைட்டை நினைத்து வருந்திய சென்னியப்பன், தம்பியின் கன்னத்தில் ஒரு அறை வைத்தார். பிறகு கார்புரேட்டர். அப்போது ஐப்பசி மாதம், நல்ல மழை பிடித்தது. மழை விட்டதும் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து எருமை வந்து சீட்டுக்குள் இருந்த தேங்காய் நாரைத் தின்றுவிட்டுப் போனது.

துடைப்பதற்குச் சில மாதம் ஆயிற்று. சித்திரை பிறந்தது, வைகாசியில் முகூர்த்தம். மாட்ட உட்கார்ந்தார்கள்.

"கடைசியா நடந்தது என்ன?" என்றார் சென்னியப்பன்.

"எருமைங்ண்ணா."

"அப்ப எருமையிலிருந்து ஆரம்பிக்கோணும்."

எருமையைக் கேட்டு வாங்கி வந்தார்கள். போகும்போது தலை முன்னால் போனதால், வரும்போது வால் முன்னால் வர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எருமைக்கு இதில் பழக்கமில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாசல் வரைக்கும் வர அரைப் பகல் போனது. அது தின்ற நாரைத் திருப்பித் தருமா என்று அந்தி சாயும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரவில்லை. மரகதம் புது நார் வாங்கி வந்து, எருமையின் வாயில் ஒருமுறை தொட்டு எடுத்து, சீட்டுக்குள் திணித்தாள். மூவரும் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

சீட்டை மாட்டினார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனுங்ண்ணா, கார்புரேட்டரை மாட்டலையா?" என்றாள் மரகதம்.

"நடுவுல ஒரு மழை இருக்குது அம்மிணி," என்றார் கொழந்தவேல். "அது வரட்டும்."

அந்தச் சித்திரையில் வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. மூவரும் கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு மாறி மாறி வானம் பார்த்தார்கள்.

அத்தப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. "ஓட்டு மேல நாலு குடம் தண்ணி ஊத்தினா என்னங்ண்ணா?"

"மேகம் போட்டாத்தான்டா மழை," என்றார் சென்னியப்பன். "நாம போட்டா அது தண்ணி."

"தவளை கத்தினா?"

"தவளைக்கு யார் சொல்றது?"

கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்தது. பந்தல்காரர் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். மரகதம் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் எழுந்து, மூன்று அண்ணன்களின் நியாயத்துக்குள் தானும் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, முன்னாலிருந்து பெய்யற மழை மேலயிருந்து கீழ வரும். சரிங்களா?"

"சரி."

"அப்ப பின்னாலிருந்து பெய்யற மழை?"

கொழந்தவேல்தான் மெதுவாக வாயைத் திறந்தார்: "கீழயிருந்து மேல போகும்."

மரகதம் ஒரு அண்டாத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். சித்திரை வெயில் தன் வேலையைப் பார்த்தது. மண்ணிலிருந்து ஆவி கிளம்பிப் போவதை மூவரும் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். மழை கீழேயிருந்துதானே வருகிறது. வாசல் காய்ந்ததும் சென்னியப்பன் குடையை மடக்கினார். "நல்ல மழை," என்றார்.

கார்புரேட்டர் ஏறியது. மிச்சமிருந்தது ஒரு அறையும் ஒரு ஹெட்லைட்டும்.

"நீங்க என்னை அடிச்சீங்க," என்றான் அத்தப்பன். அவன் முகத்தில் அப்படியொரு களை. "பின்னாலிருந்து வந்தா நான் உங்களை அடிக்கோணும்."

"அது வேற அடி," என்றார் சென்னியப்பன். "என் அடியில கை வந்து கன்னத்துல முடிஞ்சுது. பின்னாலிருந்து வந்தா கன்னத்துல ஆரம்பிச்சு கை திரும்பிப் போகோணும்." தம்பியின் கன்னத்தில் உள்ளங்கையைப் பொத்திவைத்து மெல்ல எடுத்தார். அண்ணன் தன்னை இப்படித் தொட்டது அத்தப்பனுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல்முறை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெட்லைட்டும் ஏறியது. காரை வெளியே தள்ளி, சுவரை எழுப்பி, வெள்ளையடித்தார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை, பிள்ளையார் கோயில் வாசலில் கார் நின்றது. மாலையோடு தெய்வசிகாமணி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். வரதராசு பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். பன்னிரண்டு சிலிண்டரும் ஒன்றாகக் கண் விழித்தன. ஊர் கை தட்டியது.

மூவர் முகத்திலும் ரத்தம் வற்றிவிட்டது.

"ஓடுதுங்ண்ணா," என்றான் அத்தப்பன், திருட்டைப் பார்த்தவன் போல.

"கேக்குதுடா. நாம ஆரம்பிக்கறப்போ இது ஓடல. பின்னாலயே போனா ஓடாத எடத்துக்குத்தான வரோணும்? எங்கியோ ஒண்ணைத் தப்பா மாட்டிட்டோம்." சென்னியப்பன் எஞ்சினை அணைத்தார். "கழட்டுங்கடா."

கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்தார்கள். முதலில் கையில் அகப்பட்டது மாப்பிள்ளை. அவனை இறக்கி, பட்டுச்சட்டையின் முதுகில் சாக்பீஸால் ஒன்று என்று எழுதி, ஜமுக்காளத்தின் மூலையில் உட்கார வைத்தார் கொழந்தவேல்.

"மச்சான், நான் எதுக்கு?" என்றான் தெய்வசிகாமணி.

"பயப்படாதீங்க மாப்ள. ஒண்ணாம் நம்பர். கடைசில உங்களை மறக்காம மாட்டிருவோம்."

செய்தி மண்டபத்துக்குப் போயிற்று. மரகதம் கல்யாணப் பட்டோடு வந்து சேர்ந்தபோது ஹாரன் ஜமுக்காளத்துக்கு வந்திருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க," என்றாள் மூச்சு வாங்க. "எதையும் தப்பா மாட்டல. நீங்க நெம்ப நல்லாப் பின்னாலயே போயிட்டீங்க. வண்டி ஓடாம நின்னதுக்கும் பின்னால. அது ஓடிக்கிட்டு இருந்த காலத்துக்கே வந்துட்டீங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னியப்பன் முகத்தில் பெருமை பரவியது. ஹாரனை எடுத்து அவரே மாட்டினார். மரகதம் மாப்பிள்ளையை எழுப்பிக் காரில் உட்கார வைத்தாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார்.

"சித்த இருங்க," என்றார் கொழந்தவேல். "அம்மிணி, இது ஓடினப்போ நீ எந்த வகுப்பு?"

மரகதம் மாப்பிள்ளை பக்கத்துக் கதவை அடித்துச் சாத்தினாள்.

"நாலாவதுடா," என்றார் சென்னியப்பன். "நாலாவது படிக்கற பச்சப்புள்ளைக்குக் கல்யாணம் பண்றதாடா? சட்டம் ஒத்துக்குமா? வளரட்டும். மாப்பிள்ளையும் டவுசர் போட்ட பையன்தான் இப்போ. பந்தலைப் பிரிக்கச் சொல்லு."

மரகதம் மூன்று அண்ணன்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு வரதராசுவை இறங்கச் சொன்னாள். பட்டுச்சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, டிராக்டர் ஓட்டிய கையால் சாவியைத் திருப்பிக் காலை அழுத்தினாள். மாப்பிள்ளை அழைப்புக்கு உரிய வேகம் எதுவென்று துரையின் காருக்குத் தெரியாது. நாதஸ்வரம் ஒரு பக்கமும் தவில் ஒரு பக்கமும் ஒதுங்க, அது மண்டபத்தை நோக்கிப் பாய்ந்தது. புழுதிக்குள் தெய்வசிகாமணியின் முதுகில் அந்த ஒன்று மட்டும் சிறிது நேரம் வெள்ளையாகத் தெரிந்தது.

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைதெறிக்கப் பின்னால் ஓடினார்கள்.

"டேய் அத்தப்பா," என்று ஓடிக்கொண்டே கேட்டார் சென்னியப்பன், "நாலாவது படிக்கற புள்ளைக்கு பிரேக்குக்குக் கால் எட்டுமாடா?"