சிட்டுக்குப் பதில் ஒரு கட்டை

"என் இடத்துல வைக்கக் கட்டை செஞ்சிட்டீங்களாமே?"

ஆறுமுகநயினார் வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செஞ்சாச்சு அண்ணாச்சி. நேத்தே முடிஞ்சிருச்சு," என்றாள் சலேத்மேரி.

கடலுக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவே அவளுக்கு ஒரு லேத் பட்டறை. சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களைக் கூட்டமாக ஏற்றிப்போகும் ராக்கெட்டில் யாராவது சொன்ன நாளுக்குத் தயாராகாவிட்டால், அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. ராக்கெட்டின் நிதானம் கெட்டுவிடும். அதே எடைக்கு ஓர் அலுமினியக் கட்டையைக் கடைந்து பூட்டி அனுப்புவார்கள்.

அந்தக் கட்டையைக் கடைபவள் சலேத்மேரி. அதனால் அவளைத் தேடி வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை.

நயினார் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவர். ஆனாலும் ஆறு மாதமாக அவள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். அவளைக் குரு என்று கேலியாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். கேலி எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

இந்த ஒரு வாரம் மட்டும் வரவில்லை. இன்று வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது.

பைக்குள் சிட்டு, அவரே செய்த குட்டிச் செயற்கைக்கோள். நாலு கிலோ எடை, ஆறு வருஷ உழைப்பு.

"நாளைக்கு மத்தியானம் ராக்கெட்டோட மூடியைப் பூட்டிருவாங்க," என்றார். "அதுக்குள்ள சொல்லணுமாம். சிட்டா, கட்டையான்னு."

"சிட்டு என்ன சொல்லுது?"

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். "ரேடியோவுல மூணு தடவை கூப்பிட்டா ஒரு தடவை பதில் வருது."

சலேத்மேரி சிட்டைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அதுக்காக விட்டுர முடியுமா? இந்த இடம் எப்படிக் கிடைச்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

அவளுக்கென்ன, ஊருக்கே தெரியும். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி புதிதாக ராக்கெட் விடுகிறது, எது தள்ளிப்போனது, எது கடையைக் கட்டியது, எல்லாம் மனிதருக்கு விரல் நுனியில். டீக்கடையில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். முதலில் இடம் தந்த கம்பெனி ஒரே ராக்கெட்டோடு மூடிவிட்டது. இரண்டாவதில், பெரிய செயற்கைக்கோள்காரர் வேறு உயரம் கேட்டார். பெரியவர் இறங்குகிற இடத்தில்தான் சிறியவர்களும் இறங்க வேண்டும். அந்த உயரம் ஒத்துவராமல் சிட்டு கிளம்புமுன்பே விலகிக்கொண்டது.

மூன்றாவது இது.

"கண்ணை மூடுங்க அண்ணாச்சி. ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஒரே குளிர்ச்சி.

"எது சிட்டு?"

நயினார் இரண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெளியே பனை ஓலைகள் சரசரத்தன.

"தெரியலை," என்றார்.

"ராக்கெட்டுக்கும் தெரியாது."

கட்டையை வாங்கி வைத்தாள். சிட்டை வாசல் ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"ரேடியோவை எடுத்துக்கிடுங்க. நடந்துட்டு வருவோம்."

தேரியில் ஏறினார்கள். மாலை வெயிலில் மணல் குங்குமமாகக் கிடந்தது. காற்று அவர்கள் காலடியை அழித்துக்கொண்டே பின்னால் வந்தது. எங்கே கிளம்பினோம் என்றே மறந்துபோகும் நடை அது.

முதல் மேட்டில் நின்றாள். "கூப்பிடுங்க."

கூப்பிட்டார். காதில் ஒரு சின்னக் கீச்சொலி. சிட்டு பதில் சொன்னது. நயினார் முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டாவது மேட்டில் ஏழு தடவை கூப்பிட்டார். ஒரு தடவை வந்தது.

ஒற்றைப் பனையடியில் இருபது தடவை கூப்பிட்டார். காதில் காற்றின் இரைச்சல் மட்டும்தான்.

"இதுக்கு முன்னால எவ்வளவு தூரத்துல வச்சுக் கூப்பிட்டுப் பாத்தீங்க?"

"எங்க வீட்டு மேசையில இருந்து ஜன்னல் வரை."

"ஆறு வருஷமாவா?"

"ராக்கெட் தேதி பாக்கறதுலேயே போயிருச்சும்மா."

சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். அங்கிருந்து பட்டறை தெரிந்தது. வாசல் ஸ்டூலில் வைத்த சிட்டுகூட வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. முப்பது வருஷம் ஊரார் குரலையெல்லாம் ஊராருக்குச் சேர்த்துவைத்த மனிதர், சத்தம் வராமல் அழுதார்.

சலேத்மேரி பனையில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"மேல போயிட்டா வழியில மேடு பள்ளம் இல்லைல்லா?" என்றார் நயினார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நல்லாக் கேக்குமோ என்னவோ."

"கேக்கலாம்."

"கேக்காமலும் போகலாம்."

"நீங்களே சொல்லிட்டீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் செல்போனை எடுத்தார். ராக்கெட் கம்பெனிக்காரர் மறுமுனையில் வந்தார்.

"ஆறுமுகநயினார் பேசுதேன்," என்றார். அதற்கப்புறம் ஒரு சொல்தான். அதைச் சொல்வதற்குள் சூரியன் பாதி இறங்கிவிட்டது.

"கட்டை."

ஒன்பதாம் நாள் விடியுமுன் ராக்கெட் கிளம்ப வேண்டும். கடலுக்குப் போகக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். படகுகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. ஊர் மொத்தமும் மணலில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் நயினார் இல்லை. சலேத்மேரி நாலு பக்கமும் தேடினாள். உலகத்தின் எந்த மூலையில் ராக்கெட் கிளம்பினாலும் அலாரம் வைத்து எழுந்து செல்போனில் பார்க்கிறவர், வாசலிலேயே கிளம்புவதைப் பார்க்காமல் எங்கே போனார்? மனசு தாங்காமல் படுத்துவிட்டாரோ என்று அவளுக்கே பயம் வந்தது. பட்டறைக்கு ஓடினாள்.

வாசல் ஸ்டூலில் சிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் புதிதாக இரண்டு ஏரியல் கம்பிகள்.

அவள் தேரியில் ஏறினாள். முதல் மேடு, இரண்டாவது மேடு, ஒற்றைப் பனை. அதையும் தாண்டி, பட்டறை கண்ணுக்கே தெரியாத ஒரு பள்ளத்தில், வடக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் நயினார். காதில் ரேடியோ.

அப்போது மணல் முழுக்க வெளிச்சமானது. இரண்டு பேருடைய நிழலும் நீளமாக விழுந்தது. கடலோரம் ஊரே ஓவென்று கூவியது.

"கிளம்பிருச்சு அண்ணாச்சி! திரும்பிப் பாருங்க!"

அவர் திரும்பவில்லை. சத்தம் மெதுவாக வந்து சேர்ந்தது. பனை அதிர்ந்தது, மணல் சரிந்தது.

நயினார் எரிச்சலோடு கையை உயர்த்தினார்.

"ஷ்... அதைக் கொஞ்சம் சத்தம் போடாமப் போகச் சொல்லுங்கம்மா. சிட்டு பேசுது."